இன்ஸ்டால் ஆகலையா? ஃபார்மட் போடும் முன் எட்டு விஷயம் பாருங்க!

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் இருக்கிற டி.டி.பி. கடைகளில் நிற்கவே இடம் இருக்காது. அன்னதான நோட்டீஸ், லாட்ஜ் ரசீது, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாருக்கும் எல்லாமே ‘இன்னைக்கே’ வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் புது பிரிண்டருக்கான சாஃப்ட்வேர் பாதியில் நின்றுபோய், திரை நடுவில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். உடனே மெக்கானிக்குக்கு போன் பறக்கும்.

“அண்ணா, சாஃப்ட்வேர் ஏற மாட்டேங்குது.”

“என்னம்மா மெசேஜ் வருது?”

“என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுண்ணா. ஓகே குடுத்துட்டேன்.”

“சரி, சிபியூவைக் கொண்டாந்துடு. ஃபார்மட் போட்டுடலாம்.”

இந்த உரையாடலைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. மெக்கானிக் அண்ணனைக் குறை சொல்லவும் முடியாது. கடையில் பத்து சிபியூ வரிசையில் இருக்கும்போது, காரணத்தைத் தேடுவதைவிட எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது அவருக்குச் சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் அழிவது யாருடையது? மூன்று வருடக் கணக்கு, வாடிக்கையாளர்களின் டிசைன்கள், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் எல்லாம் நம்முடையவை.

அவர் கேட்ட ‘என்ன மெசேஜ்’ என்ற கேள்விக்குப் பதில் இருந்திருந்தால், பல நேரங்களில் ஃபார்மட் பேச்சே வந்திருக்காது. அதனால் இந்த வாரம் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கிற வழியைப் பார்ப்போம். எங்கள் ஊர் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் எட்டு லிங்கங்கள் உண்டு. நாமும் எட்டு இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இது 14 கிலோமீட்டர் நடை இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

1. ஓகே கொடுக்காதீங்க, போட்டோ எடுங்க

கையில் போன் இருக்கிறது. பிழைச்செய்தி வந்ததும் முதல் வேலை அதைப் போட்டோ எடுப்பது. அதில் வருகிற எண்தான் முக்கியம். அந்த எண்ணைக் கொஞ்சம் பழகிக்கொண்டால் பயம் போய்விடும்.

விண்டோஸில் பல பிழை எண்கள் பூஜ்ஜியம், எக்ஸ் என்று ஆரம்பித்து 8007 என்று தொடரும். அடுத்து வரும் கடைசி நான்கு இலக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. 0005 என்றால் அனுமதி இல்லை. 0070 என்றால் வட்டில் இடம் இல்லை. 0652 என்றால் இன்னொரு இன்ஸ்டாலேஷன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 0643 என்றால் இன்ஸ்டாலேஷன் பாதியில் நின்றுவிட்டது.

இந்த 0643 சில இடங்களில் 1603 என்றும் வரும். இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டர் பதினாறு பதினாறாக எண்ணுகிறது, நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். 6-ஐ 256-ஆல் பெருக்கி, 4-ஐ 16-ஆல் பெருக்கி, கடைசியில் ஒரு 3 கூட்டினால் 1603 வரும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எண்ணோடு ‘ஃபேட்டல் எரர்’ என்றும் வரும். வார்த்தைதான் பயமாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த இன்ஸ்டாலேஷன் மட்டும் முடியவில்லை என்பதே அதன் அர்த்தம்.

2. சி டிரைவில் இடம் இருக்கா?

டவுன்லோட் செய்த ஃபைல் சின்னதாக இருக்கலாம். ஆனால் இன்ஸ்டால் ஆகும்போது அது தன்னைப் பிரித்து, தற்காலிகமாக ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பிறகுதான் உரிய இடத்துக்குப் போகும். அதனால் காட்டுகிற அளவைவிடக் கூடுதல் இடம் தேவை. வேறு டிரைவில் இன்ஸ்டால் செய்தாலும் அந்தத் தற்காலிக வேலை பெரும்பாலும் சி டிரைவில்தான் நடக்கும்.

‘டி டிரைவ் காலியா இருக்கே, சி மட்டும் ஏன் சிவப்பா இருக்கு?’ என்று பலர் கேட்பதுண்டு. டெஸ்க்டாப்பில் நாம் போட்டு வைக்கிற எல்லாமே சி டிரைவில்தான் உட்காரும் என்பது பலருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் கொடுத்த கல்யாண ஆல்பம் டெஸ்க்டாப்பில் ஐம்பது ஃபோல்டராகக் கிடந்தால் சி டிரைவ் திணறத்தான் செய்யும். அவற்றை டி டிரைவுக்கு மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் டெம்ப்ரரி ஃபைல்ஸை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால் டவுன்லோட் செய்து வைத்த எல்லாமே போய்விடும், கவனம்.

3. 32 பிட்டா, 64 பிட்டா?

‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் 32 அல்லது 64 என்று இருக்கும். டவுன்லோட் பக்கத்தில் எக்ஸ்86 என்றால் 32 பிட், எக்ஸ்64 என்றால் 64 பிட். 86 பெரிய எண்ணாச்சே என்று அதை எடுப்பவர்கள் உண்டு!

ஒரு துணிக்கடையை வைத்துக்கொள்வோம். டாலி ஈ.ஆர்.பி. 9 பல வருடமாக நன்றாக ஓடியது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் டாலி பிரைமுக்கு மாறினால் ஏற மறுக்கிறது. டாலி பிரைமுக்கு 64 பிட் விண்டோஸ் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதோ 32 பிட். இங்கே எத்தனை முறை டவுன்லோட் செய்தாலும் பயன் இல்லை, விண்டோஸையே மாற்ற வேண்டும். உண்மையிலேயே ஃபார்மட் தேவைப்படுகிற சில இடங்களில் இது ஒன்று.

விண்டோஸின் வயதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் பிரவுசரின் 109-வது பதிப்புதான் அதில் ஓடிய கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறப்போனால் ‘தகுதி இல்லை’ என்று வருகிறதா? டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியை அது கேட்கிறது. சில கம்ப்யூட்டர்களில் அது இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். புதுசு வாங்குவதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. அனுமதி இருக்கா?

0005 வந்தால் விஷயம் சுலபம். இன்ஸ்டால் ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்டால், நீங்கள் இருப்பது சாதாரணக் கணக்கில் என்று அர்த்தம். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஊழியர்கள் கண்டதையும் ஏற்றக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள்.

5. ஃபைல் முழுசா வந்துச்சா?

தீபம், சித்ரா பௌர்ணமி மாதிரி கூட்டம் கூடுகிற நாளில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் பெரிய ஃபைலை டவுன்லோட் செய்தால், நடுவில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். இணையதளத்தில் சொன்ன அளவும் கையில் இருக்கும் ஃபைலின் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

ஃபைல் ஜிப்பாக வந்திருந்தால், அதற்குள்ளே இருந்தபடியே செட்டப்பை ஓட்டாதீர்கள். அதற்குத் துணையாக வேண்டிய மற்ற ஃபைல்கள் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும். ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்துப் பிரித்த பிறகு ஓட்டுங்கள்.

நீலப் பெட்டியில் ‘விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி’ என்று வருகிறதா? ‘இது அதிகம் பேருக்குப் பழக்கமில்லாத ஃபைல்’ என்று விண்டோஸ் எச்சரிக்கிறது. ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குள் போனால், முறையாக வெளியிடப்பட்ட பல சாஃப்ட்வேர்களில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி இருக்கும். அங்கே அந்தக் கம்பெனியின் பெயர் இருந்தால் நல்லது. வாட்ஸ்ஆப்பிலோ டெலிகிராமிலோ யாரோ அனுப்பிய ஃபைல், பெயரும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

6. தேதி என்ன காட்டுது?

சிரிக்காதீர்கள், வலது கீழ் மூலையைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான இணையதளங்களும் சாஃப்ட்வேர் லைசென்ஸ்களும் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்’ என்ற சான்றோடுதான் வருகின்றன. கம்ப்யூட்டர் இன்னும் பழைய வருடத்திலேயே இருந்தால், இன்றைய சான்று அதற்கு ‘இன்னும் தொடங்காத’ சான்று. உடனே மறுத்துவிடும்.

தேதியைச் சரி செய்தும், மெயின் ஸ்விட்சை அணைத்து மறுநாள் போட்டால் மறுபடி பழைய தேதிக்கே போகிறதா? மதர்போர்டில் இருக்கிற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவு, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மாற்றினால் ஐந்து நிமிட வேலை. இதற்குப் போய் ஃபார்மட் போட்டால் பேட்டரி எப்படி நிறையும்?

7. ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட்!

1618 என்ற எண் வந்தால் வேறொரு இன்ஸ்டாலேஷன் பின்னால் ஓடுகிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். கொஞ்சம் காத்திருங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘நான்தான் தினமும் ராத்திரி ஆஃப் பண்றேனே’ என்கிறீர்களா? விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி வந்துவிட்டது. சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் கொடுத்தாலும் உள் நிலவரத்தின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மறுநாள் அதையே எடுக்கும். முழுசாகத் துடைத்துவிட்டுத் தொடங்குவது ரீஸ்டார்ட்தான்.

அதே சாஃப்ட்வேரின் பழைய பதிப்பு உள்ளே இருந்தாலும் புதியது முரண்டு பிடிக்கும். பழையதை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, பிறகு ஏற்றுங்கள். பிரிண்டர் என்றால் இன்னொன்று: பல மாடல்களில் சாஃப்ட்வேர் கேட்கும்போதுதான் யு.எஸ்.பி. ஒயரைச் செருக வேண்டும். முன்பே செருகினால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு, சரியான டிரைவர் ஏறுவதற்கு இடைஞ்சல் செய்யும். பெட்டியில் வரும் தாளில் இதைத்தான் முதல் வரியாகப் போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை.

8. துணை சாஃப்ட்வேர் இருக்கா?

‘வி.சி.ரன்டைம்140 டி.எல்.எல். காணோம்’ என்று வந்தால், குழம்பு வைக்க உட்கார்ந்தபின் புளி இல்லை என்று தெரிந்த கதைதான். மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ இலவசமாகக் கிடைக்கும். 64 பிட் விண்டோஸ் என்றாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போட்டுக்கொள்வது நல்லது. பழைய 32 பிட் சாஃப்ட்வேர்கள் எக்ஸ்86-ஐத்தான் தேடும். டாட்நெட் 3.5 கேட்டால், ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் டிக் போட்டால் அதுவே எடுத்துக்கொள்ளும்.

காணாமல் போன ஒரே ஒரு டி.எல்.எல். ஃபைலை மட்டும் ஏதாவது தளத்தில் தேடி எடுத்து ஒட்டாதீர்கள். அது எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தமிழ் டைப்பிங்குக்கு ஒரு வார்த்தை

டி.டி.பி. கடைக்காரர்களின் தனிப் புலம்பல் ஒன்று உண்டு. பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் புதுக் கம்ப்யூட்டரில் ஏறுவதில்லை. 90-களில் வந்த சிலவற்றின் இன்ஸ்டாலர் 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டவே ஓட்டாது. எந்த மெக்கானிக்காலும் இதை மாற்ற முடியாது.

ஆனால் புதிதாக டைப் செய்ய அது தேவையும் இல்லை. 1999-இல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். யூனிகோடில் அடிப்பதால் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும் எழுத்து உடையாது. பழைய எழுத்துருவில் சேமித்த ஃபைல்களை மட்டும் மாற்றி எடுக்க வேண்டியிருக்கும். அதுவரை பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள்.

செய்யவே கூடாதவை

ஒன்று, ‘ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று சொல்கிற கிராக் ஃபைல்கள். வாசல் காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்று ஒருவர் சொன்னால், அவர் எதற்கு வருகிறார் என்று யோசிக்க வேண்டாமா?

இரண்டு, பிழை எண்ணைத் தேடும்போது மேலே வருகிற ‘கஸ்டமர் கேர்’ நம்பர்கள். அழைத்தால் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி, உங்கள் திரையை அவர்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். 2019-லேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. சாஃப்ட்வேர் கம்பெனியின் நம்பரை அந்தக் கம்பெனியின் இணையதளத்திலோ பில்லிலோ மட்டும் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

மூன்று, விண்டோஸ் அப்டேட் ஏறவில்லை என்றால் ‘போனால் போகட்டும்’ என்று விடுவது. 2017 மே 12-இல் வானாக்ரை என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பக்கத்து ஆந்திராவில் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதை ஏற்றாமல் விட்ட இடங்களில்தான் வைரஸ் வேகமாகப் பரவியது.

தப்பு எப்போதும் உங்களுடையதும் இல்லை

2024 ஜனவரியில் வந்த கே.பி. 5034441 என்ற அப்டேட் பல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் 0643 என்று சொல்லி நின்றது. ரெக்கவரிக்காக விண்டோஸ் தானே ஒதுக்கி வைத்திருந்த பகுதியில் இடம் போதாததுதான் காரணம். கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதே வருடம் ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த 85 லட்சத்துக்கும் சொல்லப்பட்ட தீர்வு ஃபார்மட் இல்லை. சேஃப் மோடில் திறந்து, பிரச்னை செய்த அந்த ஃபைலை நீக்கினால் போதும் என்பதுதான். காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியம் சின்னதாகிவிடுகிறது.

அப்படியும் சிபியூவைத் தூக்க வேண்டி வந்தால்...

எட்டையும் பார்த்தும் ஆகவில்லையா? சரி, மெக்கானிக்கிடம் போகலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பிழைச்செய்தியின் போட்டோ, சாஃப்ட்வேரின் பெயரும் பதிப்பும், விண்டோஸ் எத்தனை, எத்தனை பிட், நீங்கள் ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு, ‘ஃபார்மட் போடுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கண்ணா’ என்று சொல்லிவிடுங்கள்.

ஃபார்மட்தான் வழி என்று முடிவானால், டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் காப்பி எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டாலி கணக்கு பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் வெளியே தனி ஃபோல்டரில் இருக்கும். அதோடு டாலி லைசென்ஸை முதலில் ‘சரண்டர்’ செய்துவிட்டால், திரும்பப் போடும்போது சிக்கல் வராது. டவுன்லோட்ஸ் ஃபோல்டர், கடைக்கென்று வாங்கிய எழுத்துருக்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே சிபியூவைக் கொடுங்கள். காப்பி எடுத்தாச்சு என்பது வேறு, எடுத்த காப்பி திறக்கிறது என்பது வேறு.

உங்கள் கம்ப்யூட்டர் கடைசியாக என்ன எண் காட்டியது? கமென்ட்டில் எழுதுங்கள். அதிகம் பேர் கேட்கிற எண்ணை இன்னொரு வாரம் விரிவாகப் பார்ப்போம்.